மழை பெய்த நாளில் யாரும் தட்டவில்லை

சலவை மெஷின் விஷயத்தில் மனிதர்கள் சொல்லும் பொய்கள் மொத்தம் பதினான்கு. ஒன்பது வருடம் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அவள் எண்ணிவைத்த கணக்கு அது. முதல் பொய், "நான் எதையுமே தொடலையே, அதுவா நின்னுடுச்சு." மற்ற பதிமூன்றும் அதன் பிள்ளைகுட்டிகள்.

சலவை மெஷின் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் அவளுக்கு ஏழாம் இருக்கை. அதனால் எல்லோருக்கும் அவள் 'ஏழு'. கல்யாணமான பிறகு கணவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

போன வருடம் அந்த மையத்தை மூடிவிட்டார்கள். மிஞ்சியது வலது காதில் ஓயாத ஒரு ரீங்காரமும், தலை நிறைய சலவை மெஷின்களும். "காதுக்கு ஓய்வு கொடுங்க" என்றார் டாக்டர். ஓய்வு கொடுத்தாள். ஆனால் தலைக்குள் இருப்பதை எங்கே கொட்டுவது? புது மெஷின் அறைக்குள் குதித்துக் குதித்து நடந்தால் லாரியில் ஆடாமலிருக்க மாட்டிய பின்பக்கத்து நான்கு போல்ட்டுகளைக் கழற்ற மறந்திருக்கிறார்கள் என்பதும், தண்ணீர் வெளியேறாவிட்டால் கீழ்மூலைச் சின்னக் கதவுக்குள் ஒரு ஹேர்பின் உட்கார்ந்திருக்கும் என்பதும் யாருக்கும் சொல்லாமல் அவளுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருந்தன.

அப்படித்தான் வலைப்பூ பிறந்தது. முதல் நாள் பார்வையாளர்கள் ஏழு பேர். எண்ணிப் பார்த்ததில் ஆறு பேர் அவளேதான். கம்ப்யூட்டரில் மூன்று முறை, போனில் மூன்று முறை. ஏழாவது ஆள் யார் என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. கடைசியில் அது கணவன். லிஃப்ட் மெக்கானிக்கான அவன், ஒரு லிஃப்டுக்கு மேலே உட்கார்ந்து டிபன் சாப்பிட்டபடி படித்திருக்கிறான்.

"நல்லாத்தான் எழுதியிருக்க ஏழு. ஆனா இதுல சோறு வேகுமா?"

அவன் கேட்டதில் குத்தல் இல்லை. ஒற்றைச் சம்பளத்தில் மாதக் கடைசி இழுபறியாக இருந்தது. இன்னொரு சேவை மையத்திலிருந்து அவளுக்கு அழைப்பும் வந்திருந்தது. மறுபடி ஹெட்செட், மறுபடி ரீங்காரம். மூன்று மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போனில் சம்மதம் சொன்னால் இருக்கை அவளுக்கு. சொல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

வலைப்பூவில் விளம்பரம் போட ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. யாராவது விளம்பரத்தைத் தட்டினால் அவள் பெயரில் சில்லறை சேரும். நூறு டாலர் சேர்ந்தால்தான் கைக்கு அனுப்புவார்கள். சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தம் போட்டார்கள்: அந்த வெள்ளிக்கிழமைக்குள் நூறு வந்தால் வேலைக்குப் போக வேண்டாம். வராவிட்டால் போக வேண்டும்.

"படிச்சா மட்டும் காசு வராதா?" என்று கேட்டாள் மாமியார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வராதும்மா. யாராச்சும் தட்டணும்," என்றான் கணவன்.

"ஓஹோ," என்றாள் மாமியார். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போனது.

முதல் மாதம் கடுகளவு வந்தது. இரண்டாம் மாதத்தில் கதை மாறியது. காலையில் எழுந்ததும் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் சேர்ந்த தொகை ஏறியிருக்கும். முப்பது, நாற்பத்தைந்து, அறுபது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. 'குதிக்கும் மெஷின்' கட்டுரையைத் தானே மறுபடி மறுபடி படித்துப் பார்த்து, பரவாயில்லையே, நமக்குள்ளே இப்படியொரு சரக்கா என்று வியந்தாள்.

ஆனால் ஒன்பது வருடம் பொய்யோடு குடித்தனம் நடத்திய காது. சும்மா இருக்குமா? எண்கள் கொஞ்சம் அதிகமாகவே மரியாதையாக நடந்துகொண்டன. ஒரு நாள் மாலையில் முப்பத்து மூன்று தட்டல். மறுநாளும் முப்பத்து மூன்று. அதற்கடுத்த நாளும் அதே. ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் ஒன்றோ இரண்டோ. மனிதர்கள் கூட்டமாக இவ்வளவு ஒழுங்காக எதையும் செய்து அவள் பார்த்ததில்லை. துணி துவைப்பதில்கூட.

மணிவாரியாகப் பிரித்துக் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். முப்பத்து மூன்றும் மாலை ஐந்தரைக்கும் ஐந்தே முக்காலுக்கும் இடையில். யார் இவர்கள்? ஏதாவது ஆலையில் ஷிஃப்ட் முடிகிற நேரமா? ஹாஸ்டலா? தட்டுகிறவர்கள் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். ஒன்பது வினாடி. ஒன்பது வினாடியில் தலைப்பைக்கூட எழுத்துக்கூட்டி முடிக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை பகலெல்லாம் வெயில் காய்ந்து, நாலரை மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பால்கனித் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தவள், ஏழு மணிக்குக் கணக்குப் பக்கத்தைத் திறந்தாள். ஐந்தரைக்கு எதுவும் இல்லை. சுத்தமாகச் சுழியம்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். எங்கோ இருக்கிற வாசகர்களுக்கு இங்கே பெய்த மழை எப்படித் தெரியும்?

ஹாலில் மாமியார் நடைப்பயிற்சிக் காலணியைக் கழற்றி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். மழை விடும் என்று மாட்டிக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம், இன்று பூங்காவுக்குப் போகவில்லை. தினமும் ஐந்தே காலுக்குக் கிளம்பிப் போய், பூங்காவில் தன் வயதுக்காரப் பெண்கள் பத்துப் பேரோடு நடப்பது அவள் வழக்கம். ஞாயிறு விடுமுறை. பத்தும் ஒன்றும் பதினொன்று. பதினொன்றை மூன்றால் பெருக்கினால்...

"அத்தை," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "என் பிளாக்ல விளம்பரத்தை நீங்க ஏதாவது தட்டினீங்களா?"

மாமியார் காலணி முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமானாள். காலணியோ ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது.

"நானா? நான் எதையுமே தொடலையேம்மா."

அதே சுருதி, அதே இழுவை. முதல் பொய்!

"அத்தை, இந்த வசனத்தை நான் ஒன்பது வருஷம் கேட்டவ."

மாமியார் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தாள். பிடிபட்ட முகத்தில் கொஞ்சம் பெருமைதான் தெரிந்தது.

"ஆமா, தட்டினேன். இப்ப என்ன? ஆளுக்கு மூணு தட்டு, அப்புறம்தான் நடைன்னு சட்டமே போட்டிருக்கேன். ரிட்டயர்ட் டீச்சர் ஆஜர் எடுக்கறா. அந்த நர்ஸம்மா கண்ணாடி மறந்துட்டு வந்தா அவ விரலைப் பிடிச்சு நானே தட்டிடுவேன். ஊருக்கெல்லாம் உபகாரம் பண்றோம், சொந்த மருமகளுக்குப் பண்ணக் கூடாதா?"

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. வந்த வேகத்திலேயே நின்றது. கம்பெனியின் விதிமுறைகளை அவள் படித்திருந்தாள். சொந்தக்காரர், தெரிந்தவர் என்று ஆள் பிடித்துத் தட்டவைப்பது ஏமாற்று. கண்டுபிடித்தால் கணக்கை மூடுவார்கள். அப்புறம் அந்தப் பெயரில் திறக்கவே முடியாது. திரையில் தொண்ணூற்று நான்கு டாலர் என்று இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்.

"அய்யய்யோ," என்றாள் மாமியார், விஷயம் புரிந்ததும். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அம்மாடி, இன்னும் ஆறுதானே? மூணு நாள் தட்டிட்டா நூறு வந்துடும். வாங்கிட்டு நிறுத்திக்கலாமே. உன் காதுதான் எனக்கு முக்கியம்."

கணவன் வந்ததும் அவனிடம் சொன்னார்கள். அவன் சட்டையில் கிரீஸோடு நாற்காலியில் உட்கார்ந்து விலா நோகச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "அம்மா தட்டினதைக் கழிச்சா மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. நூறு வருமா வராதா என்பதைவிட அது பெரிதாகத் தெரிந்தது. இரண்டு மாதமாக யாரை வாசகர்கள் என்று நினைத்தாளோ அவர்கள் வாசகர்கள் இல்லை. அப்படியானால் உண்மையில் யாராவது இருக்கிறார்களா? இல்லையா? மெஷினுக்குள் கையை விட்டுப் பார்க்காமல் எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. போலித் தட்டல்கள் நின்றால்தான் அதுவும் தெரியும்.

மறுநாள் மாலை மாமியாரோடு பூங்காவுக்குப் போனாள். பத்துப் பெண்களும் பெஞ்சுகளில் போனைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்செட்டுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானவர்களோடு பேசியவளுக்கு, நேருக்கு நேர் பத்து முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"இதாண்டி என் மருமக," என்றாள் மாமியார். "இனிமே தட்டக் கூடாதாம். தட்டினா கடையை மூடிடுவானாம்."

"நல்லதுக்குக் காலமில்லை," என்றார் நர்ஸம்மா. "என் கட்டைவிரல் தேய்ஞ்சதுதான் மிச்சம்."

"அதிருக்கட்டும்," என்றார் ரிட்டயர்ட் டீச்சர். "அதுல என்னதான் எழுதியிருக்கே பொண்ணே? தினம் பாக்கறோம், ஒருத்தியும் படிச்சதில்லை. நான்கூடச் சமையல் குறிப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அங்கேயே ஒரு கட்டுரையை உரக்கப் படித்தார். படிக்கும்போதே இரண்டு இடத்தில் வாக்கியத்தைத் திருத்தினார். முடிந்ததும் நர்ஸம்மா கையை உயர்த்தினார். "எங்க வீட்டு மெஷின்ல துவைச்ச துணி ஈர நாய் மாதிரி நாறுது. அதைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே நீ?"

"கதவோட ரப்பர் வளையத்தை மடிச்சுப் பாத்தீங்களா அத்தை?" என்றாள் அவள், தன்னையறியாமல். நாக்கு தானாக அவிழ்ந்துவிட்டது. அன்று யாரும் நடக்கவில்லை. பத்துப் பேரும் பேசினார்கள். ஒவ்வொருவரும் ஒரு பொய்யோடு ஆரம்பித்தார்கள். அவள் அதை நாசூக்காகத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு எழுதினாள். என் குடும்பத்தாரும் அவர்களுடைய தோழிகளும் தெரியாமல் தட்டிவிட்டார்கள், தினமும் மாலை இந்த நேரத்தில், இந்தத் தேதியிலிருந்து, மழை பெய்த நாள் தவிர. எழுதியதைப் படித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. கணக்கை மூடவில்லை, இன்னொரு முறை நடந்தால் மூடுவோம் என்ற எச்சரிக்கையோடு, செல்லாத தட்டல்களைக் கழித்துவிட்டிருந்தார்கள். தொண்ணூற்று நான்கு இருந்த இடத்தில் பத்தொன்பது.

மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவி, எழுபத்தஞ்சு டாலருக்கா தட்டியிருக்கேன்?" என்று மார்பில் கை வைத்தாள்.

கணவன் அன்று சீக்கிரம் வந்திருந்தான். திரையைத் தன் பக்கம் திருப்பி, லிஃப்ட் கம்பியைச் சோதிப்பவன்போல வரைகோட்டை உற்றுப் பார்த்தான். போலி எல்லாம் போன கோடு முதல் மாதம் தரையோடு தரையாகக் கிடந்தது. இரண்டாம் மாதம் எறும்பு ஏறுவதுபோல ஏறியது. கடைசி மூன்று வாரத்தில் எறும்பு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

"இந்தப் பத்தொன்பதுக்குத் தட்டினவங்க யாரு?"

"தெரியலைங்க," என்றாள். "நிஜமாவே தெரியலை. நாலு போல்ட் கட்டுரைக்குத்தான் நிறையப் பேர் வர்றாங்க. ஏழெட்டு நிமிஷம் நிக்கறாங்க. அந்நேரம் மெஷினுக்குப் பின்னாடி ஸ்பேனரோட குனிஞ்சிருப்பாங்கன்னு நெனைக்கறேன்."

அவன் திரையைத் திருப்பி வைத்தான். "ஒப்பந்தப்படி நீ தோத்துட்ட. ஆனா ஒப்பந்தம் போட்டப்ப எங்கம்மாவை நாம கணக்குல சேர்க்கலை. இன்னொரு மூணு மாசம் வேணும்னா நான் ஓவர்டைம் பாக்கறேன். வேலைக்குப் போறதுன்னாலும் போ. முடிவு உன்னோடது. அஞ்சு மணிக்கு இன்னும் நேரமிருக்கு."

போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நாலு மணி இருபது. பத்தொன்பதை மட்டும் நம்பி ஒரு சம்பளத்தை விடுவதா? எண்ணை அழுத்தப் போனபோதுதான் திரையின் மூலையில் புதிய கருத்து ஒன்று வந்திருப்பதைக் கவனித்தாள். முன்பின் தெரியாத யாரோ.

'எங்கள் மெஷின் பதினேழாவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மாலையில் மட்டும். காலையில் போட்டால் நிற்பதில்லை. மெக்கானிக் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டார். நாங்கள் எதையும் தொடவில்லை, சத்தியமாக. ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா?'

தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு அழைப்பு வந்ததே இல்லை. மாலையில் மட்டும் எது மாறும்? மின்சாரமா? அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாக இறங்குமே, அதுவா? பதினேழாவது நிமிடத்தில் மெஷின் என்ன செய்துகொண்டிருக்கும்? அலசத் தண்ணீர் எடுக்கிற நேரமோ? வேண்டிய தண்ணீர் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் நின்றுவிடுமோ?

எழுந்து குளியலறைக்குப் போனாள். கணவனின் கிரீஸ் சட்டைகளை மெஷினுக்குள் திணித்தாள். பின்னால் கையை விட்டுத் தண்ணீர்க் குழாயை முக்கால்வாசி மூடினாள். பொத்தானை அழுத்தி, மடியில் நோட்டை விரித்து, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மெஷின்மேல் சாய்த்து வைத்து, ஈரத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். குழாயில் தண்ணீர் முனகியது. மூன்றாவது நிமிடம், ஒன்பதாவது நிமிடம் என்று கேட்ட சத்தத்தையெல்லாம் குறித்தாள். முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. மெஷினை நிறுத்தி, குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

மாமியார் கதவருகே வந்து நின்றாள். கையில் மருமகளின் போன்.

"அம்மாடி, அஞ்சு ஆகப் போகுது. அந்த வேலை விஷயமாப் பேசணுமே. நம்பரை நான் தட்டித் தரவா?"

"தட்டவே தட்டாதீங்க அத்தை," என்றாள், மெஷின் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க வந்து உக்காருங்க. பதினாறு முடியப் போகுது."

மாமியார் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு போனை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சட்டைகள் புரண்டன.

"எதுக்குடி காத்திருக்கோம்?"

"ஷ்ஷ்... கேளுங்க."