இல்லை என்று அமுக்கினேன்

திருச்சுழி திருமேனிநாதர் சன்னதியில், எரிகிற சூடத்தை அடித்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சித்திரை வெயிலில் சிறகு கருகிவிடும் என்று எங்கள் காட்டுக் காக்கைகள் நடந்துதான் போகும் என்றபோது நம்பாதவர்கள், இதையாவது நம்ப வேண்டும்.

என் மனைவி முத்துத்தாய்க்கு மறதி நோய் வந்துவிட்டது. காலையில் காபியை நீட்டும்போதே, "இன்னைக்கு என்ன கெழம?" என்பாள். சொல்வேன். அடுத்து, "நான் யாரு?" என்பாள். கட்டிய புருஷனிடம் தன் பெயரைக் கேட்டு நிற்பாள். "நீ முத்துத்தாயிதான்டி" என்று பொறுமையாகச் சொல்லி வைப்பேன். கக்கூஸ் கதவில் 'கக்கூஸ்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். என்ன பயமோ.

மதுரை ஆஸ்பத்திரியில், வீட்டு ஆட்களுக்கென்று செல்போனில் ஒரு போர்ட்டல் வைத்திருக்கிறார்கள். நோயாளி எதையாவது மறந்தாரா, வழி தவறினாரா என்று அது கேள்வி கேட்கும். கூட இருப்பவர் 'ஆம்' அல்லது 'இல்லை' அமுக்க வேண்டும். டாக்டர் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார். சென்னையில் இருக்கும் மகள் அனுசியாதான் எங்கள் வீட்டுப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். 'ஆம்' கூடினால் பக்கம் சிவந்துவிடும். சிவந்தால் ஆளை ஹோமில் சேர்த்துவிடுவார்கள் என்று என் கூட்டாளி பாலவனத்தம் சாலமோன் சொல்லியிருந்தான். அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? எல்லாவற்றுக்கும் 'இல்லை' அமுக்கினேன்.

மறுநாள் பார்த்தால் அத்தனையும் 'ஆம்'. மாற்றினேன். திரும்பவும் 'ஆம்'. பூட்டிய வீட்டுக்குள் எங்கள் இருவரைத் தவிர ஆளில்லை.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், அவளைக் காணவில்லை. கேட் திறந்து கிடந்தது. கருவேலங்காட்டுக்குள் கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறு ஒன்று உண்டு. முள் கிழிக்க ஓடினேன். விளிம்பில் குனிந்து, "ஏ முத்துத்தாயி!" என்றேன். கிணறு என் குரலையே திருப்பிக் கொடுத்தது. இன்னும் குனிந்தேன். காலடி மண் சரிந்தது. பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

அவள்தான். பால் தூக்குவாளி உருண்டு கிடந்தது.

"அசையாதீக... அப்படியே பின்னால வாங்க."

அவள் உடம்பெல்லாம் உதறல். பாவம், வழி தெரியாமல் பயந்திருக்கிறாள். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் அவள் பிடியை விடவே இல்லை.

வந்ததும் போனை எடுத்தாள். 'வீட்டை விட்டு வெளியேறிப் போனாரா?' என்ற கேள்விக்கு, என் கண்முன்னாலேயே 'ஆம்' அமுக்கினாள்.

"அடியே! இத்தனை நாளும் நீதானா? செவந்து போச்சுன்னா கூட்டிட்டுப் போயிருவாகடி!"

"யாரைய?"

"உன்னயத்தான்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை.

"ஒருத்தரும் எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டாக. பொய்ய எழுதுனா டாக்டரு எப்பிடி மருந்து குடுப்பாரு? நான் இருக்கேன்ல?"

அதன்பிறகு நான் போனைத் தொடுவதில்லை. இன்று காலையும் கேட்டாள், "நான் யாரு?"

பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அவள் கையிலிருந்த போனில், அந்தப் பக்கத்தின் உச்சியில், நோயாளி என்ற இடத்தில் இருப்பது என் பெயர்.