பிழைத்த பிறகு எடுத்த படம்

எபினேசர் மாமா ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பியிருந்த படத்தைப் பார்த்ததும், ஸ்நேகா அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அம்மா சின்னப்பொண்ணு கிடந்தாள். விடியற்காலை கம்பெனி கேன்டீனில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை. சாவு வீட்டில் டாக்டருக்குப் பஞ்சமா? உடம்பைக் குறைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். தூக்க எட்டு பேர் வேண்டும் என்றும் பந்தலில் ஒரு குரல் கேட்டது.

"அஞ்சலி பேனர்ல இந்த போட்டோ வேணாம் மாமா."

"ஏம்மா? எங்கக்கா எவ்ளோ அழகா கீறா பாரு. ஒல்லியா, லட்சணமா."

பாசத்தோடுதான் சொன்னார். அதுதான் ஸ்நேகாவுக்கு இன்னும் எரிந்தது.

அப்பா லாரியில் அடிபட்டுச் செத்த வருஷம் எடுத்த படம் அது. அந்த வருஷம் முழுக்க அம்மா சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். ஊட்டினாலும் துப்பிவிடுவாள். ஒரு கல்யாணத்தில் யாரோ இழுத்து நிறுத்தி எடுத்தார்கள். எப்படி இளைத்தாய் என்று அன்றைக்கு நாலு பேர் ஆசையாகக் கேட்டார்கள். சாப்பிட்டாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"இதுல எங்கம்மா செத்துக்கினு இருந்தாங்க மாமா. ஆஸ்பத்திரில மனசுக்கு மாத்திரை குடுத்தப்புறம்தான் எழுந்து சோறு துன்னாங்க, வேலைக்குப் போனாங்க, சிரிச்சாங்க. அந்த மாத்திரைல ஒடம்பும் போட்டுச்சு. போடட்டுமே! நீங்கள்லாம் பீப்பான்னு கூப்ட்டதுல ரெண்டு தபா மாத்திரைய நிறுத்திட்டாங்க. ரெண்டு தபாவும் திரும்ப செவுத்தப் பாத்துப் படுத்தாங்க. குண்டா இருந்து செத்தாங்கன்றீங்களே, எட்டு வருசம் குண்டா இருந்துதான வாழ்ந்தாங்க!"

பீப்பா என்று பெயர் வைத்தவரே மாமாதான்.

ஸ்நேகா தன் போனில் தேடி வேறு படம் எடுத்தாள். கிறிஸ்துமஸுக்குக் கேன்டீனில் எடுத்தது. பிரியாணி அண்டாவுக்குப் பின்னால் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அம்மா, முகமெல்லாம் வேர்வை, மடிப்பு விழுந்த தாடை, வாய்கொள்ளாத சிரிப்பு. கடைக்கு அனுப்பிவிட்டு அவளே போன் போட்டுப் பேசினாள்.

"மொகம் பெர்சா கீதுக்கா," என்றார் கடைக்காரர். "கொஞ்சம் ஒல்லியாக்கி குடுக்கட்டா? எல்லாரும் கேப்பாங்க."

"கை வெக்காதண்ணா. மொகம் பெர்சா இருந்தா பேனரப் பெர்சாப் போடு."

மதியம் தெருமுனையில் மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே பேனரைக் கட்டினார்கள். கட்டி முடிப்பதற்குள் பக்கத்து இரும்புக் கம்பெனியின் கரித்தூள் அதன்மேல் படிந்துவிட்டது. எபினேசர் மாமா பெஞ்சைப் போட்டு ஏறினார். தோள்துண்டால் அக்காவின் கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ஒரு கன்னத்துக்கே துண்டு கறுத்துப்போனது. இறங்கி, பெஞ்சை நகர்த்திப் போட்டு, துண்டைத் திருப்பிக்கொண்டு மறுபடி ஏறினார்.