கீழ்க்காட்டின் விலை

இன்னும் ஏழு மணி நேரம் கோரின் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மே முதல் தேதி நள்ளிரவோடு, கிழக்கே இருக்கும் அந்தக் கல்லூரி அவளுக்காக வைத்திருக்கும் இடம் தானாகவே கைவிட்டுப் போய்விடும். அதன் பிறகு அப்பாவால் ஒன்றும் செய்ய முடியாது.

இடம் மார்ச் கடைசியிலேயே கிடைத்துவிட்டது. உதவித்தொகைதான் கிடைக்கவில்லை. விஸ்கான்சினில் இருநூறு ஏக்கர் வைத்திருப்பவர் பணக்காரர் என்பது அந்தக் கல்லூரியின் கணக்கு. நிலத்தை விற்றால்தான் அது பணம் என்பது அந்தக் கணக்கில் வராது.

அப்பாவிடம் சொன்னால் அன்றைக்கே பக்கத்துப் பண்ணை ட்வேனுக்கு போன் போகும். ட்வேன் மூன்று வருடமாக, அவர்கள் தீவனம் விளைவிக்கும் கீழ்க்காட்டை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கீழ்க்காடு போனால் மாடுகளுக்குத் தீனி இல்லை. பிறகு மாடுகளும் போகும். அதனால், கல்லூரி தன்னை எடுத்துக்கொள்ளவில்லை என்று அப்பாவிடமும் பள்ளியிலும் சொல்லிவிட்டாள்.

கடைசி வகுப்புப் பிள்ளைகள் சேரப்போகும் கல்லூரியின் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வரும் நாளும் அந்த மே முதல் தேதிதான். கோரின் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டீ-ஷர்ட்டில் போனாள். ஸ்கூல் ஃபர்ஸ்டுக்கே கதவைச் சாத்திவிட்டார்களா என்று ஒருத்தன் கேட்டான். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சாயங்காலக் கறவைக்கு அதே டீ-ஷர்ட்டோடு கொட்டகைக்குள் நுழைந்தாள். அப்பா வெர்ன் அவளுக்கு முன்பே வந்திருந்தார்.

"இந்தக் கலரைப் பார்த்தா மாடு பாலை அடக்கிக்கும்," என்றார்.

ஒரு மாதமாக அந்தக் கல்லூரியைத் திட்டித் தீர்த்தவர் அவர். இன்று திட்டவில்லை. ஒரு மாட்டின் மடியைத் துடைத்தார். துடைத்த மடியையே மறுபடியும் துடைத்தார்.

"காலைல நாலரைக்கு உன்னை எழுப்பியிருக்கக் கூடாதும்மா."

அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள் கோரின். அவர் காதில் வாங்கவில்லை. மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் படித்தார்கள், இல்லை நன்றாகத் தூங்கினார்கள் என்றார். கடன் பட்டாவது ஒரு ஆளை வைத்திருக்கலாம் என்றார்.

"ஆறு வருஷம். உன்னை மாட்டுக்கிட்ட நிறுத்திட்டு, இப்ப அவங்களைத் திட்டிட்டுத் திரியறேன். கெடுத்தது நான்தானே."

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த மாட்டிடம் போனார். பழைய கொட்டகை எரிந்த அன்றுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

கோரின் கறவை எந்திரத்தை நிறுத்தினாள்.

"அப்பா, அவங்க என்னை எடுத்துக்கிட்டாங்க."