கசியாத தாங்கி

அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் சொட்டு. குழாய் வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாம், "நான் மாட்டின ஜாயிண்ட்ல ஒரு சொட்டு கசிஞ்சா மீசையை எடுத்துடறேன்" என்று சவால் விட்டுவிட்டு வருவார். மீசை இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

குழாயில் வைத்த கவனத்தில் கால்வாசியை மனிதர் காதிலும் வைத்திருக்கலாம். அவர் மனைவி முன்னறையில் கடல் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்து வளர்த்துவந்தாள். தண்ணீருக்கு உப்பு எவ்வளவு, எந்தக் கல்லில் எந்தப் பவளம் பிடிக்கும், கல்லை எப்படி நிறுத்த வேண்டும் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பாள். "அப்புறம் கேக்கறேன்மா" என்பார் இவர். அந்த அப்புறம் வரவே இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று தெரிந்தும் அவள் ஊதுவதை நிறுத்தவில்லை. பக்கவாதம் வந்து நிறுத்தியது.

பேச்சு போயிற்று. வலது பக்கம் முழுவதும் போயிற்று. மிஞ்சியது இடது கையும் கண்ணும்தான். ஆமாம் என்றால் கண்ணை மூடித் திறப்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்ட பிறகுதான் அந்தக் கண்ணில் கொஞ்சம் உயிர் வந்தது. தொட்டியில் இருந்த இரண்டு கோமாளி மீன்களும் போகிற பக்கமெல்லாம் அதுவும் போகும். "அந்தப் பார்வையை விட்டுடாதீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் மத்ததை மீட்கணும்" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு சொட்டுவுக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை. மீனுக்குத் தீனி போட்டார், கண்ணாடியைத் துடைத்தார், அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் காலையில் தொட்டியில் அடுக்கியிருந்த கற்கள் சரிந்துவிட்டன. நன்றாக இருந்த காலத்தில் அவள்தான் அவ்வப்போது அதைச் சரிசெய்வாள். மீன்கள் ஒளிகிற பொந்து மூடிக்கொண்டது. அதைப் பார்த்து அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? நான் எதுக்கு இருக்கேன்? ஜென்மத்துக்கும் விழாத மாதிரி தாங்கி கட்டித் தரேன் பாரு" என்றார்.

மகள் போனில் சொன்னாள்: "அப்பா, எதுவா இருந்தாலும் அம்மாகிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க."

"பைப்பைப் பத்தி எனக்கே பாடமா? வைடி போனை."

கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பிவிசி பைப்பை அறுத்தார். மேசை மாதிரி நான்கு கால், குறுக்கே சட்டங்கள், கல் உட்காரத் தட்டு. மூலைக்கு மூலை பசை தடவி இறுக்கி, திறந்திருந்த முனைகளை எல்லாம் மூடி போட்டு அடைத்தார். வெகுநாளைக்குப் பிறகு மனிதர் மெல்லப் பாட்டுகூட முணுமுணுத்தார்.

அவள் இடது கை விரலால் போர்வையில் குத்தினாள். எடுத்து, கொஞ்சம் தள்ளி மறுபடி குத்தினாள்.

"என்னம்மா, ஊசி போட்ட இடம் வலிக்குதா?"

கண் மூடவில்லை.

"தண்ணி வேணுமா? கொசுவா?"

கண் மூடவில்லை. விரல் மட்டும் குத்திக்கொண்டே போனது. பசை காய்ந்துவிடும் என்ற அவசரம் அவருக்கு. "அப்புறம் கேக்கறேன்மா."

பசை நன்றாகக் காய்ந்த பிறகு தாங்கியைக் கழுவித் தொட்டியில் இறக்கினார். அது முங்காமல் மிதந்தது. வேறு யாராவது என்றால் யோசித்திருப்பார்கள். சொட்டுவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. "பாத்தியா! ஒரு சொட்டு உள்ள போகல!" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார். கையால் அதை அமுக்கிப் பிடித்து, மேலே கற்களை அடுக்கிக் கட்டினார். கனத்தில் அது அடியில் போய் உட்கார்ந்தது. மீன்கள் புதுப் பொந்தை எட்டிப் பார்த்தன.

அவள் விரல் இப்போது வெறிபிடித்ததுபோலக் குத்தியது. குளிரில் உதறுகிறது என்று நினைத்தார். "கையை அலட்டிக்காதே, என் கண்ணு இல்ல" என்று அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்து, ஓரத்தை எல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினார். அவர் செருகினால் காற்றுகூட நுழையாது.

சமையலறையில் அவளுக்கான மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தபோது தடாலென்று சத்தம் கேட்டது.

அடியில் பைப்புக்குள் அடைபட்ட காற்று, தலையில் கல். இதற்கு மேல் கவிழ என்ன வேண்டும்? ஒரு கல் அசைந்திருக்கும், தாங்கி தலைகீழாகப் புரண்டிருக்கும். கற்கள் போய் மோதி முன்பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. ஓடிவருவதற்குள் அறை முழுக்கத் தண்ணீர். ஒரு மீன் கல்லுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. இன்னொன்று கட்டிலருகே தரையில் துள்ளிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது துள்ளிய பக்கமெல்லாம் அவள் கண் போனது. அவர் வழுக்கி விழுந்து, எழுந்து, அதை வாளித் தண்ணீரில் விடுவதற்குள் அது நின்றுவிட்டது. கண்ணும் நின்றுவிட்டது.

தாங்கிக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. ஆத்திரத்தில் அதைத் தரையில் ஓங்கி அடித்தார். உடைந்த காலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். உலர்ந்திருந்தது. பாவி, உள்ளே தண்ணீர் போக வழி விட்டிருந்தால் அது அடியிலேயே கிடந்திருக்கும். ஓட்டை. வரிசையாக ஓட்டை போட்டிருக்க வேண்டும்.

போர்வையை உருவினார். அவள் கை இவர் வைத்த இடத்திலேயே கிடந்தது. விரல் நுனி, நகம் வெளுக்க, மெத்தையில் அழுந்தியிருந்தது.

"ஓட்டை போடத்தான் சொன்னியா?" அந்த விரலை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "சொல்லும்மா. இப்போ கேக்கறேன். எல்லாத்தையும் கேக்கறேன்."

விரல் அசையவில்லை. அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். கண்ணை மூடினாள்.

ஆமாம் என்றால் மூடித் திறப்பாள். ஈரத் தரையில் மண்டியிட்டபடி அவர் காத்திருந்தார். மூச்சு சீராக வந்துகொண்டுதான் இருந்தது. அவள் திறக்கவில்லை.