வெட்டு ஷெட்டில் ஒரு தம்பதி

கார் கம்பெனியின் பின்பக்கம், காலி பெயின்ட் டிரம்கள் கிடந்த கொட்டகையில்தான் அந்தப் பிரிவு தொடங்கியது. ஆம்புலன்ஸ், சவ வண்டி, சக்கர நாற்காலியோடு ஏறும் வண்டி என்று அசெம்பிளி லைனில் செய்ய முடியாததையெல்லாம் அங்கே தள்ளிவிடுவார்கள். புத்தம்புது காரை நடுவில் அறுத்து நீட்டுவதால் மற்றவர்கள் வைத்த பெயர் 'வெட்டு ஷெட்'.

சீட் தைத்துக்கொண்டிருந்தவளை அங்கே மாற்றினார்கள். லைனில் கதவு மாட்டும் அவள் கணவனுக்கு முகம் தொங்கிப்போனது.

"அங்க போனவன் எவனும் உருப்பட்டதில்ல. முடியாதுன்னு சொல்லிடு."

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க சும்மா இருங்க."

அவளுக்கு முதல் வேலை ஒரு சவ வண்டி. உள்ளே மல்லாந்து படுத்துக் கூரைத் துணி தைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து உட்கார, எட்டிப் பார்த்த வாட்ச்மேன் அலறிக்கொண்டு ஓடினார்.

பிறகு ஒரு பெரும்புள்ளி, உயரமான தன் அப்பாவுக்காகக் கூரை தூக்கிய கார் கேட்டார். அதைப் பார்த்துப் பத்துப் பேர் வந்தார்கள். கொட்டகை கட்டடமானது, அவள் சூப்பர்வைசரானாள். அதே காலத்தில் லைனுக்கு ரோபோ வந்தது. முதலில் வேலை போனது கதவு மாட்டுகிறவர்களுக்கு.

சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவனும் வெட்டு ஷெட்டுக்கு மனுப் போட்டான். மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"ஆள் எப்படிம்மா?"

"வேலை தெரியும் சார். வாய் கொஞ்சம் நீளம்."

"இங்க சேர்த்தா வீட்ல சண்டை வராதா?"

"அது இப்பவே வருது சார்."

சேர்ந்த வாரமே ஒரு ஆம்புலன்ஸின் பின்கதவை மாட்டினான். அவள் மூடித் திறந்து பார்த்தாள்.

"இடது பக்கம் இடிக்குது. கழட்டி மாட்டுங்க."

சுற்றி நின்றவர்கள் சட்டென்று தங்கள் வேலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அவன் ஸ்பேனரை எடுத்தான். வீடு திரும்பும்போது பஸ்ஸில் தனியே உட்கார்ந்தான். சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தான்.

"நெஜமாவே இடிச்சுதா, இல்ல நாலு பேர் முன்னாடி என்னை மட்டம் தட்டவா?"

"இடிச்சுது."

"எனக்கும் தெரியும்," என்றான் தட்டைப் பார்த்தபடி. "யாரு கவனிக்கப் போறான்னு விட்டுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் மாட்டிய கதவுகளை நம்பி விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் மூடித் திறந்து பார்த்தாள். பார்த்து முடிக்கட்டும் என்று அவனும் தள்ளி நின்றான்.