குதிரையை விட்டு இறங்கியவர்கள்

லின்ஃபீல்ட் சமூகக் கூடத்து மேசையில் 1914 ஆகஸ்ட் மாதத்து வட பிரான்ஸ் விரிந்து கிடந்தது. பச்சைத் துணி வயல், நீல நாடா ஆறு, அட்டைப் பாலம், பொம்மை வீரர்கள். போர் வரலாற்று மாலை வகுப்பில் அன்று பாடம் இல்லை, விளையாட்டு. பொழுது சாய்வதற்குள் பிரித்தானியக் காலாட்படை பாலத்தைக் கடந்துவிட வேண்டும். நிதினின் ஜெர்மன் படை அதை மறிக்கும்.

கஜானி குதிரைப்படையைக் கேட்டு வாங்கியிருந்தாள். பிரித்தானியத் தளபதியாக ஆடிய குலசிங்கத்துக்கு அது அப்போதே பிடிக்கவில்லை.

"மெஷின்கன் வந்த பிறகு குதிரை என்னத்துக்குப் பிள்ளை? இண்டைக்குச் சரிவராட்டி அடுத்த கிழமை படையை வேற ஆளிட்டைக் குடுத்திடுவன்."

ஒரு மாதமாக ரயிலில் போகும்போதும் வரும்போதும் குதிரைப்படையைப் பற்றியே படித்தவள் அவள். ஆனாலும் படித்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

ஜெர்மன் படை காட்டை விட்டு வெளியே வந்தது.

"விடும் குதிரையை," என்றார் குலசிங்கம். "வாளை உருவிக்கொண்டு நேர போகட்டும். அவங்கள் தடுமாற, எங்கட ஆக்கள் கடந்திடுவினம்."

"குதிரைப்படை?"

"போனாப் போகுது."

கஜானி அந்த வெட்டவெளியைப் பார்த்தாள். எதிரே இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள்.

"ஏலாது அண்ணை. நான் ஆக்களைக் குதிரையால இறக்கப்போறன்."

குதிரைகளை மேட்டுக்குப் பின்னால் நிறுத்தி, வீரர்களைக் கல்மதிலோரம் வரிசையாக வைத்தாள். தென்னாப்பிரிக்கப் போரில் பட்ட அடிக்குப் பிறகு பிரித்தானியக் குதிரைவீரர்களுக்கும் காலாட்படையின் அதே துப்பாக்கியைக் கொடுத்துச் சுடப் பழக்கியிருந்தார்கள். வேகமாக வந்து சேரத்தான் குதிரை.

"குதிரைப்படைன்னு சொல்லிட்டு நடந்து வர்றீங்க?" என்று நிதின் சிரித்தான்.

அவள் பகடையை உருட்டினாள். அவனுடைய முன்வரிசை நின்றுவிட்டது. சிரிப்பும் நின்றது. அவன் குனிந்து மதிலைப் பார்த்தான், பிறகு மேட்டுக்குப் பின்னால் பார்த்தான்.

"ஒரு நிமிஷம். அங்க குதிரைங்கள யாருங்க பிடிச்சிட்டிருக்கா?"

கஜானியின் முகம் எரிந்தது. நால்வர் இறங்கினால் அவர்களில் ஒருவன் நான்கு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். படித்ததுதான், அடிக்கோடும் போட்டதுதான். அத்தனை பேரையும் மதிலுக்கு அனுப்பிவிட்டாள்.

"அப்ப இந்த அடி செல்லாதுலா," என்றார் நடுவராக இருந்த ஆசிரியை ஷாமளா. கோலாலம்பூரை விட்டு வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அந்தப் பேச்சு அவரை விடவில்லை.

"பார்த்தீரோ? இப்பவாவது சொன்னதைக் கேளும்," என்றார் குலசிங்கம்.

கேட்டுவிடலாம். தோற்றாலும் பழி அவருடையது. கஜானி நாலில் ஒருவனை எடுத்துக் குதிரைகளிடம் வைத்தாள். மதிலில் இடைவெளிகள் விழுந்தன.

"மிச்ச ஆக்கள் காணும், அதுவே போதும்," என்றாள்.

"கமாண்டர் ஆர்டர் குடுத்திருக்காரு. மறுக்கிறியா?" என்று கேட்டார் ஷாமளா.

"ஓம் மிஸ். மறுக்கிறன்."

மறுபடி உருட்டியபோது எதிரி பாதி வயலைத் தாண்டிவிட்டான். மதிலோரம் ஆட்கள் விழுந்தார்கள். நிதின் ஒரு பிரிவைச் சுற்றி அனுப்பி வளைக்கப் பார்த்தான். வளையம் மூடுவதற்குள் கஜானி எஞ்சியவர்களைக் குதிரையில் ஏற்றி, பாலத்துக்கு அருகே இருந்த வேலிக்குக் கொண்டுபோய் மறுபடி இறக்கினாள்.

"ஓடுறீங்களா?"

"ஓம். உங்களைவிட வேகமா."

வேலியிலிருந்து மறுபடி சுட்டாள். ஷாமளா பொழுது சாய்ந்ததாக அறிவித்தபோது கடைசிக் காலாட்படைப் பிரிவு பாலத்தைக் கடந்திருந்தது. குதிரைப்படையில் பாதி மிஞ்சியது.

"உங்க பக்கம்தான் ஜெயிச்சுது," என்றார் ஷாமளா.

குலசிங்கம் பாலத்தைக் கடந்த பிரிவுகளை எண்ணினார். "வெண்டது சரி. ஆனா சொல்லுக் கேக்காத ஆளை வைச்சு நான் படை நடத்த ஏலாது. தாரும் அந்தக் குதிரைப்படையை." கையை நீட்டினார்.

கஜானி வயலில் விழுந்து கிடந்த பொம்மைகளைப் பொறுக்கி அந்தக் கையில் வைத்தாள்.

"செத்தவையைக் கொண்டுபோங்கோ அண்ணை. மிச்சப்பேர் என்னோட வருவினம்."

எஞ்சியவர்களைக் குதிரைகளோடு சேர்த்துத் தன் பைக்குள் போட்டு மூடினாள்.