பந்தல் குழிகள்

எங்கள் கால்பந்துப் பயிற்சி மண்வெட்டியில்தான் தொடங்கும். கிழக்கு வெளுக்கும் முன்பே மைதானத்தில் நிற்போம். முந்தின இரவு யார் வீட்டுக் கல்யாண வரவேற்போ நடந்து முடிந்திருக்கும். பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள். தரையெல்லாம் குழி. கிரேஸி மிஸ் செம்மண் சட்டியைத் தலையில் சுமந்து வந்து கொட்டுவார். நாங்கள் இடிகட்டையால் இடித்து இறுக்குவோம். புழுதியோடு ஊசிப்போன சாம்பார் நாற்றமும் மூக்கில் ஏறும். கை காய்த்த பிறகுதான் காலுக்குப் பந்து வரும்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரி எங்களுடையது. தாளாளர் ஜேசுதாசன் மைதானத்தை வாரம் தவறாமல் வாடகைக்கு விட்டார். குழி மூட ஆள் போடவில்லை. கூலி கேட்காத கால்பந்து அணி இருக்கும்போது ஆள் எதற்கு?

கிரேஸி மிஸ் கூத்தங்குழிக் கடற்கரையில் ஆம்பிளைப் பையன்களோடு மோதிப் பந்து பழகியவர். மாநில அணிக்கு ஆடியவர். கல்லூரி விளம்பரத்தில் 'தலைமைப் பயிற்சியாளர்' என்று அவர் படத்தைப் பெரிதாகப் போடுவார்கள். வேலை மட்டும் பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். போன வருடம் சம்பளத்தையும் குறைத்தார்கள். விளையாட்டினால் வருமானம் இல்லையாம். அவர் வாங்கிக்கொடுத்த கோப்பைகளுக்குத் தாளாளர் அறையில் கண்ணாடி அலமாரி உண்டு, அவர் உட்கார ஒரு நாற்காலி கிடையாது.

ஒருநாள் ஒரு குழி எங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. எச்சில் இலைகளைத் திணித்து, மேலாக மண்ணைத் தூவியிருந்தார்கள். எங்கள் கோல்கீப்பர் தஸ்லிமா பந்தைத் தடுக்க ஓடிவந்தவள் முழங்கால்வரை உள்ளே போய்விட்டாள். எலும்பு முறிந்த சத்தம் நடுமைதானத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "உம்மா!" என்று ஒரே அலறல். மிஸ் தன் துப்பட்டாவைக் கிழித்து, கட்டை வைத்துக் காலைக் கட்டினார். எல்லோருமாகத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம்.

மறுநாள் தாளாளர் மிஸ்ஸை அழைத்தார். அணித்தலைவி மாரிக்கண்ணுவும் வரணும் என்று என்னையும் கூப்பிட்டார்.

"யாரு கேட்டாலும் பிள்ள ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிருங்க டீச்சர். கல்லூரி பேரு கெட்டுறக் கூடாது."

"அவ ஹாஸ்டல்லயே இல்ல ஐயா. மேலப்பாளையத்துல இருந்து டவுண் பஸ்ல வாரா."

"அப்பம் பஸ்ல இருந்து விழுந்தான்னு சொல்லுங்க."

"அவ உங்க கல்யாணக் குழியில விழுந்தா."

"விடியக்காலம் இருட்டுல யாரு உங்கள ஆடச் சொன்னது?"

"மத்த நாள் கிளாஸு, லீவு நாள்னா பகல் பூரா பந்தல் போடுதாவ. நாங்க வேற எப்பம் ஆட?"

"இங்க பாரு கிரேஸி." மரியாதை அதோடு தீர்ந்தது. "நான் சொன்னபடி நீ சொன்னா ஜூன்ல வேல நிரந்தரம். இல்லன்னா நாளைக்கே கேட்டுக்கு வெளிய."

பன்னிரண்டு வருடம் காத்திருந்த வார்த்தை அது. மிஸ்ஸின் புருஷன் முதுகொடிந்து கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். இவர் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. சரி என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சொன்னாலும் யார் குறை சொல்ல முடியும்?

"பிள்ள காலு ஒடிஞ்ச எடத்த மாத்திச் சொல்ல எனக்கு நாக்கு வராது ஐயா," என்றார் மிஸ்.

அடுத்த சனிக்கிழமை விடியலில் பந்தல் லாரி வந்தது. கேட்டுக்கு வெளியே மிஸ் நின்றார். அவரை உள்ளே விடக் கூடாதென்று காவலாளிக்கு உத்தரவு. நாங்கள் மட்டும் உள்ளே போனோம். கம்பு எங்கெங்கே நடுவார்கள் என்று மூடி மூடிப் பழகிய எங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு இடத்தில் ஏறி நின்றுகொண்டோம்.

பந்தல் மேஸ்திரி சங்கிலிபூதத்தான் கடப்பாறையோடு வந்தார்.

"தள்ளி நில்லு தாயி. சாயங்காலம் வரவேற்பு."

"மாட்டோம் அண்ணாச்சி. நீங்க மூடாமப் போன குழியில எங்க பிள்ள கால் ஒடிஞ்சிட்டு."

அவர் முகம் செத்துப்போனது. "மூட எங்க நேரம் தாராவ? விடியுதுக்குள்ள திசையன்விளைல அடுத்த பந்தல் நிக்கணும்னு முதலாளி விரட்டுதாரு. எலையத் திணிச்சு மண்ணத் தூவுனது நான்தான் தாயி."

எங்களில் ஒருத்தி, பெனிஷா, அவர் மேல் பாய்ந்தாள். கேட்டுக்கு வெளியிலிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது, ஆட்டத்தில் கத்துவதைப் போலவே.

"ஏட்டி பெனிஷா, அவரு கூலிக்காரரு! எதிராளி அந்தா கார்ல வாராரு, அங்கன பாரு!"

தாளாளர் இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினார். "ஓசில படிக்கிற கழுதைகளா! ஒவ்வொருத்திக்கும் டிசியக் கிழிச்சுக் குடுத்திருவேன். ஏலே, தோண்டுங்கலே!"

என் அம்மா சேரன்மகாதேவி வயலில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைக்கிறாள். ஆனாலும் சொன்னேன்.

"தஸ்லிமா எங்கன விழுந்தான்னு உங்க வாயால சொல்லுங்க ஐயா. மிஸ் உள்ள வரட்டும். பெறவு பந்தல் போடலாம்."

சங்கிலிபூதத்தான் கடப்பாறையைக் கீழே போட்டார். "ஆளு நிக்க எடத்துல கடப்பாறை போட மாட்டோம் ஐயா."

"நீ போனா நூறு பேரு இருக்கான்லே!"

"அந்த நூறு பேருக்கும் நானே போன் போட்டு வராதீயன்னு சொல்லுதேன்."

தாளாளர் போலீசுக்குப் போன் போட்டார். வெயில் ஏறியது. மிஸ்ஸுக்குக் கேட் திறக்கவில்லை. பிள்ளைகள் சிலர் அழுதார்கள். அழுதவர்களும் நின்ற இடத்தில்தான் நின்றார்கள். தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டபோது மிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"மாரிக்கண்ணு! கோல் பக்கம் காலியாக் கெடக்கு!"

அது தஸ்லிமா விழுந்த இடம். நான் நகர்ந்தால் என் இடம் காலியாகும். சங்கிலிபூதத்தான் தலைத்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பைய நடந்து போய், அந்தக் குழியின் மேல் நின்றார்.